குழாய் கழுவுற அக்காவும் 2018 டிசம்பரும்

போன மாசம் சித்தப்பாவுக்கு வயித்துல எரிச்சல். மூணு வாரமா ஜெலுசிலும் மோரும் குடிச்சுப் பாத்துட்டு, கடைசியில டாக்டர் "எண்டோஸ்கோப்பி ஒண்ணு பாத்துருவோம்"னு சொல்லிட்டார். சூலக்கரையில இருந்து காலையில அஞ்சரைக்குக் கிளம்பி மதுரை. பேர் வேண்டாம், ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டோக்கன் நம்பர் 18.

சித்தப்பா உள்ள போனார். ஏழெட்டு நிமிஷத்துல வெளிய வந்துட்டார். "அவ்ளோதானாப்பா? இதுக்கா ராத்திரியில இருந்து பட்டினி போட்டீங்க?"ன்னு கேட்டுட்டு, எங்க டீ கிடைக்கும்னு பாக்க ஆரம்பிச்சுட்டார். எனக்குத்தான் மண்டைக்குள்ள வேற ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு. இப்ப அவர் வாய்க்குள்ள போயிட்டு வந்த அந்தக் கருப்புக் குழாய், அதுக்கு முன்னாடி டோக்கன் 17க்குள்ள போயிருக்கும். இல்லேன்னா 14க்குள்ள. நடுவுல அதை யார் கழுவுனா? எப்படிக் கழுவுனா?

இந்தக் கேள்வியைத் தூக்கிட்டு ஒரு மாசமா படிச்சதுதான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்ல. வரலாறு படிக்கிற கிறுக்கு மட்டும்தான் உண்டு. (எங்க பக்கம் "மருந்து"ன்னு சொன்னாலே பட்டாசுக்குள்ள போற மருந்துன்னுதான் அர்த்தம். அந்த ஊர்க்காரன் எழுதுற மருத்துவப் பதிவுன்னு நினைச்சுப் படிங்க.) பதிவு கொஞ்சம் நீளம். டீயோட உக்காருங்க.

கத்தி முழுங்குறவர்ல இருந்து ஆரம்பம்

மனுஷ உடம்புக்குள்ள எட்டிப் பாக்கணும்ங்கிற ஆசை ரொம்பப் பழசு. 1806ல ஜெர்மனியில ஃபிராங்ஃபர்ட் ஊர்ல பிலிப் பொசீனின்னு ஒரு டாக்டர், ஒரு பெட்டிக்குள்ள மெழுகுவத்தியை ஏத்தி வச்சு, கண்ணாடி வழியா அந்த வெளிச்சத்தைக் குழாய்க்குள்ள அனுப்பிப் பாத்தார். எண்டோஸ்கோப்போட கொள்ளுத்தாத்தா அதுதான்.

வயித்துக்குள்ள முதல்ல எட்டிப் பாத்தவர் அடால்ஃப் குஸ்மால். 1868. அவர் கையில இருந்தது சுமார் ஒன்றரை அடி நீள உலோகக் குழாய். விறைப்பா, நேரா இருக்கும். இதை எவன் முழுங்குவான்? யோசிச்சுட்டு, கத்தி முழுங்கி வித்தை காட்டுற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். நம்ம ஊர்த் திருவிழாவுல வித்தை காட்டுறவரைக் கூப்பிட்டு வந்து "அண்ணே, இன்னைக்கு மட்டும் கத்திக்குப் பதிலா இது"ன்னு சொன்ன மாதிரி. அவரும் முழுங்கிக் காட்டினார். வெளிச்சம் பத்தாததால உள்ள பெருசா ஒண்ணும் தெரியலைங்கிறது வேற கதை.

அடுத்த தொண்ணூறு வருஷம் குழாயை எப்படி வளைய வைக்கிறதுங்கிறதுதான் பிரச்சனை. வளைஞ்சா வெளிச்சம் வராது, வெளிச்சம் வந்தா வளையாது. இந்த முடிச்சை அவிழ்த்ததுல நம்மாளு ஒருத்தர் இருக்கார். பஞ்சாப்ல மோகாவுல பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் காலேஜ்ல பேராசிரியர் ஹரால்ட் ஹாப்கின்ஸ்கிட்ட ஆராய்ச்சி பண்ணப் போனவர். தலைமுடி மாதிரி மெல்லிசான கண்ணாடி இழைகளைக் கட்டாக் கட்டினா, வளைச்சாலும் அதுக்குள்ள படம் போகும்னு ரெண்டு பேரும் 1954ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. ஃபைபர் ஆப்டிக்ஸ்ங்கிற பேரைப் பரப்பினவரும் கபானிதான். 2020ல காலமானார். 2021ல பத்ம விபூஷண் குடுத்தாங்க. எப்பவும் போல லேட்டா.

அந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு அமெரிக்காவுல மிச்சிகன்ல இருந்த பாசில் ஹிர்ஷோவிட்ஸ்ங்கிற டாக்டர், 1957 பிப்ரவரியில வளையுற குழாய் ஒண்ணைச் செஞ்சு முடிச்சார். முதல்ல அதை முழுங்குனது யாரு தெரியுமா? அவரேதான். சில நாள் கழிச்சுத்தான் நோயாளிக்கு. இந்த மனுஷன் மேல எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஆனா பாருங்க, அந்த நாள்லதான் நம்ம கேள்வியும் பொறந்துச்சு. வளையுற குழாயை எப்படிக் கழுவுறது?

குக்கர்ல வைக்க முடியாத பாத்திரம்

குஸ்மால் காலத்துக் குழாய் வெறும் உலோகம். 1879ல பிரான்ஸ்ல சாம்பர்லாண்ட், பாஸ்டரோட ஆய்வுக்கூடத்துல ஆட்டோகிளேவைச் செஞ்சார். நம்ம வீட்டுப் பிரஷர் குக்கரோட பெரியண்ணன்னு வச்சுக்கங்க. 121 டிகிரி நீராவியில கால் மணி நேரம் வச்சா எந்தக் கிருமியும் பிழைக்காது. கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாத்தையும் அதுல போட்டு எடுத்துரலாம்.

வளையுற எண்டோஸ்கோப்பை அதுல போட முடியாது. ரப்பர், பிளாஸ்டிக், பசை, லென்சுன்னு எல்லாம் ஒட்டி வச்ச சாமான். அந்தச் சூட்டுக்கு உருகிப் பிரிஞ்சுரும். ஒண்ணோட விலையும் லட்சக்கணக்குல. ஒரு தடவை பாத்துட்டுத் தூக்கிப் போடவும் முடியாது.

இந்த இடத்துல ஏர்ல் ஸ்பால்டிங்னு ஒரு அமெரிக்க நுண்ணுயிர் பேராசிரியர் வர்றார். ஆஸ்பத்திரிச் சாமான்களை அவர் மூணு ஜாதியா (மன்னிக்கவும், மூணு வகையா) பிரிச்சார். ரத்தத்துக்குள்ள, சதைக்குள்ள போறது ஒண்ணு. அதுல ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. வாய், குடல் மாதிரி ஈரச் சவ்வைத் தொடுறது ரெண்டாவது. இதுக்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் போதும், அதாவது கிருமிகளோட வித்துகள் கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை. வெறும் தோலைத் தொடுறது மூணாவது. துடைச்சா போதும். 1960கள்ல முழுசா உருவான இந்தப் பட்டியல்தான் இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா ஆஸ்பத்திரிகளுக்குப் பாடம். எண்டோஸ்கோப் ரெண்டாவது வகையில உக்காந்துச்சு. அதே 1960கள்ல குளூட்டரால்டிஹைடுங்கிற மருந்துத் தண்ணியும் வந்துச்சு. சூடு வேண்டாம், முக்கி வச்சா போதும். அப்பாடான்னு எல்லாரும் மூச்சு விட்டாங்க.

தேய்க்காம முக்குனா?

ஆஸ்பத்திரியில நடந்தது இப்பத்தான். சித்தப்பா டீ குடிக்கப் போன கேப்புல, எண்டோஸ்கோப்பி அறைக்குப் பின்னாடி கதவு திறந்திருந்துச்சு. உள்ள பச்சை ஏப்ரன், முழங்கை வரைக்கும் கையுறை, கண்ணாடியோட ஒரு அக்கா நின்னு குழாயைத் தேய்ச்சுட்டு இருந்தாங்க. கண்ணு எரியுற மாதிரி ஒரு வாடை. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அக்கா, இதை எப்படிக் கழுவுறீங்க?"

விரட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க திரும்பிப் பாத்துட்டுச் சொன்னாங்க: "பதினெட்டு வருசமா இதைக் கழுவுறேன் தம்பி. இது வரைக்கும் ஒருத்தர் வந்து கேட்டதில்ல." அப்புறம் வேலையை நிறுத்தாமலே ஒவ்வொண்ணாச் சொல்ல ஆரம்பிச்சாங்க.

வாயில இருந்து குழாயை எடுத்த உடனே, அங்கயே துடைச்சு, சோப்புத் தண்ணியை உறிஞ்சி விடணும். காய விட்டா போச்சு. அடுத்தது காத்து அடிச்சுத் தண்ணிக்குள்ள முக்கி ஓட்டை இருக்கான்னு பாக்கிறது. (சைக்கிள் கடையில பஞ்சர் பாக்கிற அதே டெக்னிக். குமிழி வந்தா ஓட்டை.) பிறகு குழாய்க்குள்ள ஓடுற ஒவ்வொரு துவாரத்துலயும் நீள பிரஷ்ஷை விட்டு, அந்தப் பக்கம் வர்ற வரைக்கும் தள்ளி, முனையைத் தேய்ச்சு, மறுபடி இழுத்து, பிரஷ் சுத்தமா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப. அதுக்கப்புறம் அலசல். அப்புறம்தான் மருந்துத் தண்ணி, அவங்க கணக்குக்கு இருபது நிமிஷம். மருந்தோட வீரியம் குறைஞ்சுருச்சான்னு பாக்க ஒரு பட்டைக் காகிதம். மறுபடி சுத்தமான தண்ணியில அலசல். ஆல்கஹால் விட்டு, காத்து அடிச்சுக் காய வைக்கணும். கடைசியா அலமாரியில நேராத் தொங்க விடணும். சுருட்டி வச்சா உள்ள ஈரம் தங்கும், ஈரம் தங்கினா ராத்திரியோட ராத்திரியா கிருமி பெருகும்.

"மருந்துத் தண்ணி எல்லாத்தையும் கொன்னுரும்னு நினைக்கிறாங்க தம்பி. தேய்க்காம முக்குனா, அழுக்குக்கு மேலதான் மருந்து இருக்கும்."

வீட்டுக்கு வந்து படிச்சப்ப அந்த அக்கா சொன்னதுதான் அறிவியல்னு தெரிஞ்சுது. குடலுக்குள்ள போயிட்டு வந்த ஒரு ஸ்கோப்ல ஆயிரம் கோடி நுண்ணுயிர்கள் வரைக்கும் இருக்கலாம். நல்லாத் தேய்ச்சுக் கழுவினா அது பத்தாயிரத்துல ஒரு பங்கா, ரொம்ப நல்லாக் கழுவினா பத்து லட்சத்துல ஒரு பங்காக் குறையும். மருந்துத் தண்ணி அதே மாதிரி இன்னொரு மடங்கு குறைக்கும். ரெண்டும் சரியா நடந்தா மிச்சம் ஏறக்குறைய பூஜ்யம். ஒண்ணு சொதப்புனா மிச்சம் லட்சக்கணக்குல நிக்கும். மத்த கருவிகளுக்கு ஆட்டோகிளேவ் தர்ற தாராளமான பாதுகாப்பு இதுக்குக் கிடையாது. எண்ணெய் பாட்டிலைக் கழுவிப் பாத்தவங்களுக்கு இது புரியும். விருதுநகர் எண்ணெய்க் கடை ஊரு, எங்களுக்கு நல்லாவே புரியும். வெந்நீரை ஊத்திக் குலுக்கினா பாட்டில் சுத்தமான மாதிரி இருக்கும். விரலை விட்டுப் பாத்தா வழவழன்னு ஒரு படலம். கிருமிகளும் அப்படித்தான் ஒரு படலம் கட்டி, அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும்.

இன்னொரு கணக்கும் போட்டேன். பரிசோதனைக்குப் பத்து நிமிஷம். கழுவிக் காய வச்சு எடுக்க முக்கால் மணி நேரமாவது. ஆக, ஒரு ஸ்கோப் மணிக்கு ஒரு ஆளுக்குத்தான் வரும். "எத்தனை ஸ்கோப் இருக்குக்கா?"ன்னு கேட்டேன். நாலு. காலையில ஏழு மணியில இருந்து பன்னெண்டு வரைக்கும் அஞ்சு மணி நேரம். நாலஞ்சு இருபது. அன்னைக்கு மொத்த டோக்கன் இருபது. கணக்கு சரியா வந்துச்சு. ஒரு வேளை வராம இருந்திருந்தா, சித்தப்பாவை எழுப்பிக் கூட்டிட்டு வந்திருப்பேனா, இல்ல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பேனா? நேர்மையாச் சொன்னா, தெரியல.

ஒரு குட்டி நெம்புகோல்

சாதா எண்டோஸ்கோப் கதை இது. இதுக்கு ஒரு அக்கா உண்டு, பேரு டியோடினோஸ்கோப். பித்தக் குழாய்ல கல் அடைச்சு மஞ்சள் காமாலை வந்தா, வயித்தை அறுக்காமலே வாய் வழியாப் போய் அந்தக் கல்லை எடுக்கிற கருவி. 1960களோட கடைசியில ஆரம்பிச்ச இந்த வைத்தியம் எத்தனையோ பேரோட உயிரைக் காப்பாத்தியிருக்கு, அதுல சந்தேகமே வேண்டாம். இதோட முனையில ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். உள்ள போற மெல்லிய கம்பியைப் பக்கவாட்டுல திருப்பி விடுறதுக்கு. அந்த நெம்புகோலுக்குப் பின்னாடி இருக்கிற இண்டு இடுக்குலதான் வினை.

2012ல நெதர்லாந்துல ராட்டர்டாம் நகரத்து எராஸ்மஸ் ஆஸ்பத்திரியில, மருந்துக்கு அடங்காத ஒரு சூடோமோனாஸ் கிருமி ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு வந்துச்சு. தேடிப் போனா, ஒலிம்பஸ் கம்பெனியோட புது மாடல் டியோடினோஸ்கோப்ல போய் நின்னுச்சு. கழுவுனவங்க விதிப்படிதான் கழுவியிருந்தாங்க. அமெரிக்காவுல சியாட்டில்லயும் அதே கால கட்டத்துல இதே கதை. அங்க 32 பேருக்குத் தொத்துச்சு.

நடுவுல சென்னை வருது

இங்கதான் நான் நிமிர்ந்து உக்காந்தேன்.

2008ல ஸ்வீடன்ல இருந்த இந்திய வம்சாவளி நோயாளி ஒருத்தர், டெல்லியில வைத்தியம் பாத்துட்டுத் திரும்பினார். அவர்கிட்ட இருந்த கிருமியில, கடைசி ஆயுதமா டாக்டர்கள் வச்சிருக்கிற கார்பபெனெம் மருந்துகளையே உடைச்சுப் போடுற ஒரு நொதி இருந்துச்சு. அதுக்கு நியூ டெல்லி பேரை வச்சு என்டிஎம்-1ன்னு கூப்பிட்டாங்க. 2010 ஆகஸ்ட்ல லான்செட் தொற்றுநோய் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. முதல் ஆசிரியர் பேரு கார்த்திகேயன் குமாரசாமி. நம்ம தரமணியில, சென்னைப் பல்கலைக்கழகத்தோட மருத்துவ ஆய்வு நிறுவனத்துல ஆராய்ச்சி மாணவர். சென்னையில மட்டும் 44 மாதிரிகள்ல இந்தக் கிருமி, ஹரியானாவுல 26, பிரிட்டன்ல 37, இந்தியா பாகிஸ்தான்ல மத்த ஊர்கள்ல 73ன்னு எழுதியிருந்தார்.

பாராட்டா கிடைச்சுது? மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க வெள்ளைக்காரன் பண்ற சதின்னு பேப்பர் பூரா, பார்லிமெண்ட் வரைக்கும் சத்தம். பேர்ல டெல்லி இருந்ததுதான் எல்லாருக்கும் உறுத்துச்சு, கிருமி உறுத்தல. பேர் வச்சது தப்புதான்னு லான்செட் ஆசிரியரே 2011 ஜனவரியில வருத்தம் சொன்னார். நியாயம்தான், ஒரு ஊர்ப் பேரை நோய்க்கு வைக்கக் கூடாது. ஆனா பேரை மாத்தினா கிருமி போயிருமா?

நல்ல வேளையா சென்னையிலயே மறு பேச்சும் வந்துச்சு. 2012ல டாக்டர் அப்துல் கஃபூர் முன்னெடுப்புல நாட்டுல உள்ள மருத்துவச் சங்கங்கள் எல்லாம் சென்னையில கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளை எப்படிக் கட்டுப்படுத்துறதுன்னு ஒரு திட்டம் போட்டாங்க. அதுக்குச் சென்னைப் பிரகடனம்னே பேரு. மறைக்க வேண்டாம், இருக்குன்னு ஒத்துக்கிட்டு அடுத்த வேலையைப் பாப்போம்ங்கிறதுதான் அதோட சாரம்.

இந்த என்டிஎம் கதைக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? 2013ல அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல 39 பேர்கிட்ட என்டிஎம் கிருமி. அதுல 35 பேருக்கு ஒரே ஆஸ்பத்திரியில டியோடினோஸ்கோப் பரிசோதனை நடந்திருக்கு. போய்ப் பாத்தா, கழுவுறதுல ஒரு குறையும் இல்ல. ஆனா கழுவி வச்ச ஸ்கோப்லயே கிருமி இருந்துச்சு! கடைசியில எத்திலீன் ஆக்சைடு வாயுவுல வச்சுச் சுத்தம் பண்ண ஆரம்பிச்ச பிறகுதான் அது நின்னுச்சு. "இதெல்லாம் மூணாம் உலக ஆஸ்பத்திரிப் பிரச்சனை"ன்னு நினைச்சவங்களுக்கும், "இதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டுக்கதை"ன்னு சொன்னவங்களுக்கும் ஒரே நேரத்துல பதில். கிருமி பாஸ்போர்ட் பாக்கிறதில்ல.

சொல்லாம விட்டவங்க

2015 பிப்ரவரியில லாஸ் ஏஞ்சலஸ்ல யுசிஎல்ஏ ஆஸ்பத்திரி, 179 பேருக்குச் சொல்லி அனுப்புச்சு. "உங்களுக்குப் பயன்படுத்துன டியோடினோஸ்கோப்ல கிருமி இருந்திருக்கலாம், வந்து பரிசோதனை பண்ணிக்கங்க." ஏழு பேருக்குத் தொத்தியிருந்துச்சு, ரெண்டு பேர் இறந்துட்டாங்க. விஷயம் வெடிச்சுது. அமெரிக்க செனட்ல விசாரிச்சாங்க. 2016 ஜனவரியில வந்த அறிக்கை, 2012ல இருந்து 2015 வரைக்கும் உலகம் பூரா குறைஞ்சது 25 இடங்கள்ல, குறைஞ்சது 250 பேருக்கு இந்த வகை ஸ்கோப்களால தொத்து வந்திருக்குன்னு சொல்லுச்சு.

இங்க முக்கியமான கேள்வி, ராட்டர்டாம்ல 2012லயே தெரிஞ்சது, லாஸ் ஏஞ்சலஸ்க்கு 2015 வரைக்கும் ஏன் தெரியல?

கருவியால ஆபத்துன்னு தகவல் வந்தா, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் கம்பெனி எழுதிப் போடணும். அது சட்டம். ஐரோப்பாவுல நடந்த தொத்துகளைப் பத்தின அறிக்கைகளை ஒலிம்பஸ் அப்படி ஒழுங்காக் குடுக்கல. 2018 டிசம்பர்ல, கோர்ட்ல அந்தக் குற்றத்தை ஒத்துக்கிட்டு, அபராதமும் பறிமுதலுமா 8 கோடியே 50 லட்சம் டாலர் கட்டுச்சு. அன்னைக்குக் கணக்குல சுமார் 600 கோடி ரூபாய்.

நடுவுல போன மூணு வருஷத்துக்கு எந்தக் கோர்ட்டாலயும் விலை போட முடியாது.

அதே மாசம், நம்ம மாவட்டத்துல

2018 டிசம்பர்னு படிச்ச உடனே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த மாசத்தை விருதுநகர் மாவட்டத்துக்காரன் எவனும் மறந்திருக்க மாட்டான்.

சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில ரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தம் ஏத்தினாங்க. ரத்தம் சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில இருந்து வந்தது. அதுல எச்.ஐ.வி இருந்துச்சு. குழாயும் இல்ல, ஸ்கோப்பும் இல்ல, வேற வழி. ஆனா ஒரு ஆளோட உடம்புல இருந்து இன்னொரு ஆளுக்கு ஆஸ்பத்திரி வழியாவே நோய் போன கதைதான் ரெண்டும்.

இது எப்படி வெளிய வந்துச்சு? எந்த அதிகாரியும் கண்டுபிடிக்கல. ரத்தம் குடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை பண்ணப் போன இடத்துலதான் தனக்கு எச்.ஐ.வி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டார். தெரிஞ்ச உடனே ரத்த வங்கிக்குப் போய், "நான் குடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏத்தாதீங்க"ன்னு தானாச் சொன்னார். அதுக்குள்ள ஏத்தி முடிச்சிருந்தாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அவர் ரத்தம் குடுத்தப்பவே தொத்து தெரிஞ்சிருக்கு, ஆனா அவர்கிட்ட சொல்லலைன்னு அதிகாரிகளே சொன்னதாச் செய்தி வந்துச்சு. அந்த இளைஞர் மனசு உடைஞ்சு, தற்கொலைக்கு முயற்சி பண்ணி, அந்த டிசம்பர் முடியறதுக்குள்ள மதுரை அரசு ஆஸ்பத்திரியில இறந்துட்டார்.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க மக்களே. ஒரு பக்கம் உலகத்துலயே பெரிய எண்டோஸ்கோப் கம்பெனி. வக்கீல் உண்டு, எழுதிக் குடுக்க ஆள் உண்டு, சட்டம் தெரியும். சொல்லல. இன்னொரு பக்கம் நம்ம பக்கத்துப் பையன். சொன்னா வேலை போகும், ஊரே பேசும், குடும்பத்தை ஒதுக்கும்னு தெரியும். இருந்தும் போய்ச் சொன்னார். முகம் தெரியாத ஒருத்தருக்கு ஏத்தப் போற ரத்தம்ங்கிறதுக்காக.

அவர் செஞ்சதுக்கு நாம என்ன மரியாதை குடுத்தோம்? டீக்கடையில அன்னைக்கு நான் கேட்டதெல்லாம் "யார் அந்தப் பையன்? எந்த ஊரு?"ங்கிற பேச்சுதான். நானும் அந்தக் கூட்டத்துல நின்னு பேப்பர் படிச்சவன்தான். ஆஸ்பத்திரித் தொத்தைத் தடுக்கிறதுக்கு மருந்துத் தண்ணி, வாயு, பிரஷ் எல்லாம் வேணும். அதுக்கும் முன்னாடி, தப்பு நடந்துருச்சுன்னு ஒருத்தர் வாயைத் திறந்தா அவரை நாம கடிச்சுக் குதறக் கூடாது. குதறுனா, அடுத்த ஆள் சொல்ல மாட்டார். தரமணி ஆராய்ச்சி மாணவர் சொன்னப்பவும் நாம அதைத்தான் செஞ்சோம்.

இப்போ என்ன நிலைமை?

2019ல அமெரிக்கக் கட்டுப்பாட்டுத் துறை, நல்லாக் கழுவின டியோடினோஸ்கோப்கள்லயே 5.4 சதவீதம் வரைக்கும் ஆபத்தான கிருமிகள் இருக்குன்னு சொல்லி, முனையைக் கழட்டித் தூக்கிப் போடுற மாதிரி மாடலுக்கு மாறச் சொல்லுச்சு. அந்த வருஷக் கடைசியில, ஒரே ஒரு தடவை பயன்படுத்திட்டுத் தூக்கிப் போடுற முழு டியோடினோஸ்கோப்புக்கும் அனுமதி குடுத்தாங்க. விலையைப் பாத்தா நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு இப்போதைக்கு அது கனவு. அது குவியுற குப்பைக் கணக்கு தனி.

2022 ஜனவரி 12ல தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தாங்க. அதுல விருதுநகரும் ஒண்ணு. இனிமே எல்லாத்துக்கும் மதுரைக்கு ஓட வேண்டாம்னு எங்களுக்கெல்லாம் அம்புட்டு சந்தோஷம். கட்டடம் வந்தாச்சு, டாக்டர் வருவாங்க, மெஷின் வரும். அந்த மெஷினைக் கழுவுறதுக்குப் பயிற்சி குடுத்த ஆளும், போதுமான நேரமும், வாடை போக நல்ல காத்தோட்டமான அறையும் சேர்ந்து வரணும். ரிப்பன் வெட்டுறப்ப போட்டோவுல அந்த அறை வராது.

நாம செய்யக்கூடியது சின்னது. சண்டை போட வேண்டாம். பயத்துல எண்டோஸ்கோப்பியே வேண்டாம்னு ஓடவும் வேண்டாம். சாதா வயித்துப் பரிசோதனையில ஒழுங்காக் கழுவினா தொத்து வர்றது அபூர்வம். பாக்காம விட்ட புண்ணும் புத்துநோயும் அதை விட நிச்சயமான ஆபத்து. மரியாதையா ரெண்டு கேள்வி கேட்டா போதும். "எத்தனை ஸ்கோப் இருக்கு? ஒண்ணைக் கழுவ எவ்ளோ நேரம் ஆகும்?" ஒழுங்கா வேலை பாக்கிற இடத்துல இதுக்குக் கோபப்பட மாட்டாங்க. எங்க அக்காவைப் பாத்தீங்கல்ல?

கிளம்புறப்ப அந்த அக்காகிட்ட "ரொம்ப நன்றிக்கா"ன்னு சொன்னேன். சிரிச்சாங்க. "உங்க சித்தப்பா எந்த டோக்கன்?"னு கேட்டாங்க. 18ன்னேன். சுவத்துல தொங்குன நோட்டை எடுத்து விரலை வச்சுத் தேடினாங்க. ஸ்கோப் நம்பர் 3, கழுவி முடிச்ச நேரம், மருந்து சோதிச்சதுக்கு ஒரு டிக், பக்கத்துல அவங்க கையெழுத்து. "இந்தா பாருங்க, நான்தான்"னு காட்டினாங்க.

சித்தப்பாவுக்குச் சாதா அல்சர்தான். மாத்திரை ஓடிட்டு இருக்கு. காரத்தைக் குறைங்கன்னு டாக்டர் சொன்னார். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கு அந்த விதி பொருந்தாதுன்னு சித்தப்பா கட்சி. :-)

டிஸ்கி: நம்ம பதிவர்கள்ல டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன்னு நிறைய பேர் இருக்கீங்க. எங்கயாவது தப்பா எழுதியிருந்தா பின்னூட்டத்துல போட்டு உடைங்க. திருத்திடறேன். மேல அவ்ளோ பேசிட்டு, என் தப்பைச் சொன்னவங்க மேல நான் கோவிச்சுக்க முடியாதே!